அப்பா பேர்ல வீடு இருக்கா தம்பி?

தொழில் கடன் கேட்டு பேங்குக்குப் போய், இந்தக் கேள்வியை மூணாவது தடவையா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். அப்பா பேர்ல இருக்குறது ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி. அதுக்கு ஆர்.சி. புக் இருக்கு, பத்திரம் இல்ல. பத்திரம் இருந்திருந்தா நான் ஏன் சார் அரசுத் திட்டத்துல வந்து நிக்கப் போறேன்?

விஷயம் இதுதான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு ஆறு வருஷம் இன்னொருத்தர் பட்டறையில சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மெஷின்) ஓட்டினவன் நான். மரத்துல டிசைன் வெட்டுற ரூட்டர் மெஷின் ஒண்ணு சொந்தமாப் போடலாம்னு பி.எம்.இ.ஜி.பி.ங்கிற மத்திய அரசோட மானியக் கடன் திட்டத்துல விண்ணப்பிச்சேன். போர்ட்டல்ல ஏத்தினேன், மாவட்டத் தொழில் மையத்துல பார்த்துட்டு பேங்குக்கு அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. அங்க இருந்த மேடம் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வரிக்கு வரி படிச்சு, "மூலப்பொருள்னு மாங்காய், உப்புன்னு போட்டிருக்கேப்பா"ன்னு காட்டினாங்க. காசு வாங்கிட்டு ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தவர் யாரோட ஊறுகாய் யூனிட்டையோ அப்படியே எடுத்து என் பேரை ஒட்டியிருக்கார். சரி, அது என் தப்பு. ராத்திரி உட்கார்ந்து நானே திருத்தினேன்.

அப்புறம் பேங்க். அங்கதான் எல்லா வண்டியும் நிக்குது.

நம்ம கணக்கைக் கொஞ்சம் பாருங்க. திட்ட மதிப்பு 10 லட்சம். நான் பி.சி., யூனிட் கிராமப்புறம். அதனால சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் 35 சதவீதம். நான் 50,000 போடணும், பேங்க் 9.5 லட்சம் கொடுக்கணும். அதுல 3.5 லட்சம் மானியமா அரசாங்கத்துகிட்ட இருந்து அந்தக் கிளைக்கே வந்துடும். வந்து என் கைக்கு வராது, மூணு வருஷம் டெபாசிட்டா அங்கயே கிடக்கும். ஆக பேங்குக்கு உண்மையிலேயே என்மேல நிக்கிறது 6 லட்சம். அந்த 6 லட்சத்துக்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ.ன்னு ஒரு உத்தரவாத நிதி, 2000-ல இருந்து இருக்கு. நான் ஓடிப்போனாலும் பெரும்பகுதியை அது கொடுக்கும். இதுக்கு மேல சிறுதொழில் கடன்ல 10 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2010-லயே உத்தரவு போட்டாச்சு.

இத்தனைக்கும் பிறகு கேள்வி என்ன? "அப்பா பேர்ல வீடு இருக்கா தம்பி?"

அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேஜை மேல வெச்சேன். மேனேஜர் அதைத் தொடக்கூட இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "ரூல் எல்லாம் எங்களுக்கும் தெரியும். ஒரு சூரிட்டி இருந்தா நல்லா இருக்கும்னுதான் சொல்றேன்"ன்னார். அவர் 'கேக்கல', 'சொல்றார்'. என்ன ஒரு வித்தை பாருங்க! அடுத்த வாய்லயே, "அம்மா நகை இருந்தா கொண்டாங்க, அரை மணி நேரத்துல போட்டுத் தரேன்."

அம்மா நகையை வெச்சுத்தான் தொழில் தொடங்கணும்னா அதுக்கு எதுக்கு ஒரு திட்டம், ஒரு போர்ட்டல், ஒரு பயிற்சி, கலெக்டர் ஆபீஸ்ல கதவு சைஸுக்கு ஒரு அட்டை செக்? அடகுக்கடை போதுமே.

இதுல வயிறு எரியுறது எங்க தெரியுமா? நான் சம்பளத்துல இருந்தப்போ இதே பேங்க்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு போன். "சார், உங்களுக்குப் பர்சனல் லோன் ப்ரீ அப்ரூவ்டு சார்." வீடு இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. அதை வாங்கி டிவியும் சோஃபாவும் வாங்கியிருந்தா நான் நல்ல கஸ்டமர். மெஷின் வாங்கி ரெண்டு பேருக்கு வேலை கொடுக்குறேன்னா நான் ரிஸ்க்.

அவங்க பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். மானியத்துக்காகவே கடன் வாங்கி, ஆய்வு வர்ற அன்னிக்கு மட்டும் போர்டு மாட்டுற ஆளுங்களும் இருக்காங்க. கடன் வாராக்கடன் ஆனா விளக்கம் எழுத வேண்டியது அந்த மேனேஜர்தான். புரியுது. அப்போ "உன் திட்டம் ஓடாது, இன்னின்ன காரணம்"னு எழுதிக் கொடுங்க. எந்தக் கடனா இருந்தாலும் நிராகரிச்சா காரணத்தை எழுத்துல சொல்லணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. நான் அதைக் கையில வெச்சுக்கிட்டு, மாவட்டத்துல பேங்குகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளர்கிட்டயாவது போவேன். ஆனா நம்ம கிளை மேனேஜர், "எழுத்துல எல்லாம் தர முடியாதுப்பா, நான்தான் ரிஜெக்ட் பண்ணலையே, பார்க்கலாம்னுதானே சொல்றேன்"னு அனுப்பிட்டார். ரிஜெக்டும் இல்ல, சாங்ஷனும் இல்ல. போர்ட்டல்ல அஞ்சு மாசமா ஒரே வரி: வங்கியின் பரிசீலனையில் உள்ளது.

இதுக்கு நடுவுல மெஷின் கொட்டேஷன் வேற. அதுக்கு ஆயுள் 30 நாள். ஒவ்வொரு தடவை பேங்க்ல "பார்க்கலாம்" சொல்லும்போதும் அது காலாவதி ஆகும், நான் புதுசு கேப்பேன், மேனேஜர் "புது கொட்டேஷன் இல்லாம எப்படி ப்ராசஸ் பண்றது"ம்பார். நாலு ஆச்சு. நாலாவதுல விலையும் ஏறியாச்சு.

இன்னிக்குக் காலையில அந்த மெஷின் கம்பெனி அண்ணனே போன் பண்ணினார். "தம்பி, வெள்ளிக்கிழமையோட இதுவும் முடியுது. தேதியை மட்டும் மாத்தி இன்னொண்ணு அனுப்பிடவா?"ன்னார். அனுப்புங்கண்ணேன்னு சொல்லியிருக்கேன்.