கேட்டால் வெறியா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிட்டது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டீர்கள், அதோடு போகட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்ட பிள்ளையின் படத்தின் மேல் நேற்றிரவு 'ஃபனட்டிக்' (வெறி பிடித்தவள்) என்று கொட்டை எழுத்தில் எழுதி யாரோ பரப்பியிருக்கிறார்கள். பகிர்ந்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இத்தனை காலம் படிப்பித்ததற்கு அர்த்தமே இல்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மண்சரிவு அபாயம் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒட்டிய அறிவித்தல் ஏன் தனிச் சிங்களத்தில் இருக்கிறது? அந்த லயத்தில் இருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். பதில் சுற்றி வளைத்து வந்தது. மீண்டும் கேட்டாள். நிதிப் பற்றாக்குறை என்றார்கள். மீண்டும் எழுந்தாள். அப்போதுதான் மேடையில் இருந்த பெரியவர், நம்மவர், நல்ல ஆங்கிலம் தெரிந்தவர், ஒலிவாங்கியை இழுத்து, "மொழி விஷயத்தில் இப்படி ஃபனட்டிக்காக இருக்கக் கூடாது, தங்கச்சி" என்றார். சபை சிரித்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். கேள்வி அங்கேயே நின்றது.

நான் ஆங்கில ஆசிரியை. அந்தச் சொல்லை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு நம்பிக்கை தலைக்கேறி, காது அடைபட்டுப்போய், எதிரே இருப்பவன் வேறு மாதிரி நினைப்பதையே பொறுக்க முடியாத நிலைக்குப் போனவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். தான் நம்புவதை எல்லோரும் நம்ப வேண்டும், நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை என்பவன். அந்தப் பிள்ளை யாரையாவது தமிழ் படி என்று சொன்னாளா? சிங்கள அறிவித்தலைக் கிழித்துப் போடு என்றாளா? பக்கத்தில் தமிழிலும் ஒன்றை ஒட்டுங்கள் என்றாள். விடாமல் கேட்பது வேறு, வெறி வேறு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலித்தாலும் வாசியுங்கள்.

அந்தச் சொல் பிறந்தது லத்தீனில். கோயிலுக்கு அங்கே 'ஃபானும்' என்று பெயர். கோயில் தெய்வம் ஏறி ஆடுபவனை அந்தப் பெயரை வைத்தே அழைத்தார்கள். ரோமாபுரியில் பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகள் தங்கள் கையைத் தாங்களே வெட்டிக்கொண்டு ஆடினார்களாம். தமிழில் நாம் 'வெறி' என்கிறோமே, அதுவும் அதே மாதிரி ஒரு சாமியாட்டத்தோடு ஒட்டிய சொல்தான். சங்கப் பாட்டில் முருகனின் பூசாரியான வேலன் முருகேறி ஆடுவதற்கு வெறியாட்டு என்று பெயர். உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மகள் மெலிந்து போகிறாள். தாய்க்குப் பயம். வேலனை அழைக்கிறார்கள், களம் இழைக்கிறார்கள், ஆட்டுக்குட்டியை அறுக்கிறார்கள், விடிய விடிய ஆட்டம் நடக்கிறது. இவ்வளவு அமர்க்களத்திலும் உனக்கு என்னம்மா குறை என்று அந்தப் பெண்ணிடம் வாய் திறந்து கேட்பார் இல்லை. கடைசியில் தோழிதான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் நான் பார்த்ததும் அதைத்தான். அவள் வாயால் சொன்ன குறையை விட்டுவிட்டு அவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஆராய்ந்தார்கள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 1660இல் மன்னராட்சி திரும்பி வந்த பிறகு, அரச திருச்சபையோடு சேர மறுத்தவர்களையெல்லாம் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அதில் அகப்பட்டவர்கள். அவர்கள் செய்த குற்றம், பெரிய மனிதர்கள் முன் தொப்பியைக் கழற்ற மறுத்ததும், சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்ததும், தங்கள் பாட்டில் கூடித் தொழுததும்தான். கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அடித்தவனுக்கு அந்தப் பெயர் இல்லை, அடிவாங்கியும் தலை வணங்காதவனுக்கு அந்தப் பெயர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக அது அன்றைக்கே ஆகிவிட்டது.

"டீச்சர், அகராதியில் 'அளவு கடந்த ஈடுபாடு' என்றும் இருக்கிறதே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இருக்கிறது. ஒருவருக்கு உடற்பயிற்சிப் பைத்தியம் என்றால் அதற்கும் இதே சொல்தான். கிரிக்கெட் ரசிகருக்குச் சொல்லும் 'ஃபேன்' கூட இதன் சுருக்கம்தான் என்கின்றன பெரும்பாலான அகராதிகள். அந்தப் பெரியவர் அந்தச் செல்ல அர்த்தத்திலா சொன்னார்? காணொளியை இன்னொரு முறை பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் இதில் வாதாட ஒன்றுமில்லை.

இது லேசான சொல் என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு இந்த நாட்டில் இந்த மாதிரிச் சொற்கள் எப்படிப் பாய்ந்தன என்று நமக்குத் தெரியும். அடுத்த மாதமே ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் உடுத்தியிருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று யாரோ சொன்னார்கள். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்காக 2007இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழேயே அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த வாரம் கண்டி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த ஒருவர், எரித்த பையன்களைப் பற்றி, "என்ன இருந்தாலும் அவர்களுக்கு இனப்பற்று இருக்கிறது" என்றார். எரித்தவனுக்குப் பற்று. அறிவித்தலைத் தமிழில் கேட்டவளுக்கு வெறி. சொல்லை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தராசு எப்போதும் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கும். பெண்கள் வரிசையில் நின்று கொழுந்தைக் கொக்கியில் மாட்டுவார்கள், அவர் ஒரு பார்வை பார்ப்பார், துண்டில் ஓர் எண்ணை எழுதுவார், அடுத்தவள் வர வேண்டும். ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு. கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளந்தான். அம்மா கொக்கியில் மாட்டிவிட்டு நகர மாட்டார். "ஐயா, தராசைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், நானும் பார்க்கிறேன்." அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டார். பின்னால் நிற்கும் பெண்களே, "நகரு அக்கா, மழை வருகிறது" என்று முணுமுணுப்பார்கள். மறுநாளும் அதையே கேட்பார். அந்த டிவிஷனில் அம்மாவுக்கு வைத்த பெயர் 'வெறி பிடித்தவள்'. என்னைப் பள்ளிக்கூடத்தில் 'வெறி பிடித்தவள் மகள்' என்றார்கள். அம்மாவுக்கு வெறியில்லை. அவர் எடுத்த கொழுந்து எத்தனை கிலோ என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதை எழுதும்போது கூட எனக்குக் கை நடுங்குகிறது.

"அப்படியென்றால் தமிழரில் வெறியரே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம் மக்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்களே, யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுப் போகச் சில மணி நேரமே கொடுத்தார்களே, அது வெறி. வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் இருந்துகொண்டு, சாதி பார்த்துப் பிள்ளைகளின் கல்யாணத்தை நிறுத்துகிறவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். சிங்களம் நன்றாகப் பேசும் நம் பிள்ளையைப் பார்த்துத் துரோகி என்பவனும் அந்த வரிசையில் வருகிறவன்தான். இவர்களைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கண்டவர் மேலெல்லாம் எறிந்தால், உண்மையான வெறியன் வந்து நிற்கும் நாளில் அவனைச் சொல்ல நம்மிடம் சொல் இருக்காது.

அந்தப் பெரியவர் நல்லவர், எத்தனையோ பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வாங்கிக் கொடுத்தவர் என்கிறார்கள். இருக்கட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியிலேயே அறிவிக்கப்பட்டவை. சட்டப்புத்தகத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்று கேட்பது எந்த ஊரில் தீவிரவாதம்? அதுவும் மண்சரிவு அறிவித்தல். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்ததே, அதை மறந்துவிட்டீர்களா? மண்ணுக்குள் போனவர்கள் யார்? மலை சரியும்போது மொழி பார்த்துச் சரிவதில்லை என்று மேடையில் ஒருவர் சொன்னதற்குக் கைதட்டினீர்கள். அறிவித்தல் மட்டும் ஏன் மொழி பார்த்து வருகிறது என்று அவள் கேட்டதற்குச் சிரித்தீர்கள்.

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது ஒரு பழைய சிநேகிதி எழுதியது. "கேட்டது சரி, கேட்ட விதம் பிழை. கொஞ்சம் பணிவாகக் கேட்டிருக்கலாம்" என்கிறாள். பணிவு. நாம் பணிவாகக் கேட்காத காலம் எது? 1947 தேர்தலில் வாக்குப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்கள் நாம். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, நாடற்றவர்கள் ஆனோம். சத்தியாக்கிரகம் இருந்தோம், மனு எழுதினோம், கைகட்டி நின்றோம். 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. என் சின்னம்மா தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர், இந்தியாவில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே முதுமையும் கண்டு போய்ச் சேர்ந்தார். அம்மாவும் அவரும் கடைசிவரை மறுபடி பார்க்கவே இல்லை. அவர் மிகவும் பணிவானவர். தோட்டத் துரையின் முன் தலை நிமிர்ந்து நின்றதில்லை என்று அம்மா சொல்வார். அந்தப் பணிவு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது?

ஆகவே அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லும்படி என்னைக் கேட்காதீர்கள். அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் மாட்டேன். அவளுடைய வீட்டுக்குப் போய் அவளோடும் அவளுடைய அப்பாவோடும் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டக் கோரும் கடிதத்தை அவளும் நானுமாக எழுதி முடித்துவிட்டோம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி போகிறது. அந்த டிவிஷனில் குடியிருப்பவர்கள் கையொப்பமிட விரும்பினால் சனிக்கிழமை பிற்பகல் மாரியம்மன் கோயில் முன்றலுக்கு வாருங்கள். அவள் படத்தைப் பகிர்ந்த என் மாணவர்களும் வரலாம். வருவதற்கு முன் அந்தப் படத்தை அழித்துவிட்டு வாருங்கள்.