கணக்குப்பிள்ளை என்றால் அத்தனை இளப்பமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் எங்கள் குடும்பச் சங்கம் நடத்திய பாராட்டு விழாவின் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் 500க்கு 481 எடுத்த என் மகளிடம் பெரியவர் ஒருவர் மைக்கை நீட்டி என்ன குரூப் என்று கேட்டார். அவள் காமர்ஸ் என்றாள். "இத்தனை மார்க்கும் வாங்கிட்டுக் கணக்குப்பிள்ளை வேலைக்கா மக்களே போகப் போற?" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

விசாரித்துச் சொல்வது தாய்தகப்பனின் வேலை, தேர்ந்தெடுப்பது பிள்ளையின் வேலை என்பதே என் நிலைப்பாடு. இதில் விசாரிப்பதை நான் விட்டுவிடவில்லை. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டரிடம் அவளை அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். அவள் ஆசைப்படும் சி.ஏ. என்ற ஆடிட்டர் படிப்புக்கு, பிளஸ் டூவுக்குப் பின் பவுண்டேஷன் தேர்வு, அடுத்து இன்டர்மீடியட், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், அதன் பிறகே இறுதித் தேர்வு என்பதை அவரே விளக்கினார். முதல் முயற்சியிலேயே தேறுபவர்கள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. இந்தக் குரூப்பில் சேர்ந்தால் நீட் எழுதவோ பொறியியல் கலந்தாய்வுக்குப் போகவோ முடியாது என்பதை நானே இரண்டு முறை சொன்னேன். எல்லாம் கேட்டபின் அவள் எடுத்த முடிவு இது.

முதல் குரூப் படித்தாலும் சி.ஏ. எழுதலாமே என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, எந்தக் குரூப் படித்தவரும் பவுண்டேஷன் எழுதலாம் என்பது உண்மைதான். அதையும் அவளிடம் சொன்னேன். வேண்டாத இயற்பியலோடும் வேதியியலோடும் இரண்டு வருடம் மல்லுக்கட்டுவதைவிட, வேண்டிய கணக்குப்பதிவியலை இப்போதே தொடங்குகிறேன் என்றாள். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பவர்களுக்கு: அந்தப் பதினைந்து வயதில் எனக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் முடிவு செய்தார்கள். குலசேகரத்தில் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகும் என் அப்பாவிடம், பையனை இன்ஜினியர் ஆக்கு என்று யாரோ சொன்னார்கள். அவர் இருபது சென்ட் தோட்டத்தை விற்றார். பதினெட்டு அரியர்களோடு ஆறு வருடத்தில் நான் வாங்கிய எலக்ட்ரிக்கல் பட்டம் இன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒருநாள்கூட நான் இன்ஜினியராக வேலை பார்த்ததில்லை. அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு விசாரித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் மேடையில் இருந்தவர்களுக்கு அப்படி என்ன குறை? எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 92 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் அல்லவா நம் கன்னியாகுமரி! அந்தப் படிப்பெல்லாம் ஒரு சிறுமியைச் சபையில் வைத்துச் சிரிக்கத்தான் உதவியது போலும்.

நல்லதுக்குத்தானே சொன்னார் என்று பரிந்து பேசுபவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நல்லதைச் சொல்ல மைக் எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருங்கலில் ஹார்டுவேர் கடை வைத்து, தினமும் இரவு பத்து மணிக்குப் பேரேட்டைத் திறந்து உட்காரும் நானும் கணக்குப்பிள்ளைதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நான் திணறியதைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த குழந்தைதான், எட்டாம் வகுப்பிலேயே பில்லில் வரிவிகிதம் தப்பாக இருப்பதை எனக்குக் காட்டினாள். அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாது. சிரித்த என் சொந்த மச்சானுக்குத் தெரியும்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் இரவு, பேரேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, ஃபர்ஸ்ட் குரூப்புக்கே போயிரட்டுமா?" என்று கேட்டாள். நான் விசாரித்துச் சொன்னதில் எதுவும் மாறவில்லை, மாறியது அந்த ஒரு சிரிப்புதான். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நானும் அவளுக்காக முடிவெடுத்தவன் ஆகிவிடுவேன். நாளை காலை பள்ளிக்குப் போகிறோம். விண்ணப்பத்தில் குரூப் என்ற கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.