ஐ எங்கே என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். பெயர்கள் வேண்டாம். அந்தப் பெண்ணின் முதல் சிறுகதையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி முழுக்கப் புத்தகம் படித்தாளாம். இரண்டாம் வேற்றுமை உருபு எங்கேம்மா, வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஒருவர் மைக்கில் கேட்டாரே, அரங்கமே சிரித்ததே, அதைப் பற்றித்தான்.

அந்த உருபு, அதாவது 'புத்தகத்தை' என்பதில் வரும் 'ஐ', எங்கேயும் போகவில்லை ஐயா. அது அங்கே வராமல் இருப்பதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. 'புத்தகம் படித்தாள்' என்றால் அவள் இரவை எப்படிக் கழித்தாள் என்று சொல்கிறோம். எந்தப் புத்தகம் என்பது அங்கே பேச்சே இல்லை. 'புத்தகத்தைப் படித்தாள்' என்று எழுதினால், கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு புத்தகம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கதையில் அதுவரை ஒரு புத்தகமும் வரவில்லை. நீங்கள் திருத்தியபடி அச்சாகியிருந்தால், வாசிப்பவர் 'எந்தப் புத்தகம்?' என்று முந்தைய பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

அஃறிணைக்குத்தான் இந்தச் சலுகை என்று யாராவது வரக்கூடும். 'ஆள் தேடுகிறார்கள்', 'ஆளைத் தேடுகிறார்கள்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதைக் கேட்டால் விண்ணப்பம் போடலாம். இரண்டாவதைக் கேட்டால் ஓடி ஒளிய வேண்டியிருக்கலாம். வித்தியாசம் ஓர் 'ஐ'. துருக்கி மொழியிலும் இப்படித்தான்: பொதுவாகப் புத்தகம் படித்தால் உருபு கிடையாது, குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தைப் படித்தால் உருபு உண்டு. ஸ்பானியத்தில் யாரோ ஒரு மருத்துவர் கிடைத்தால் போதும் என்று தேடுபவர் ஒருவிதமாகச் சொல்வார். மனதில் ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டு தேடுபவர் 'அ' என்ற சின்னச் சொல்லை முன்னால் சேர்ப்பார். அவர்களும் உருபை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்தான் போலிருக்கிறது.

நான் சொல்வது இவ்வளவுதான். இலக்கணத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரே பொருள் என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி வைக்க முடியாது. வடிவம் ஒன்று இருக்கும், அது செய்யும் வேலை வேறு வேறாக இருக்கும்.

அடுத்த திருத்தம் நினைவிருக்கிறதா? கதையில் ஒருவன் போனில் "இதோ வந்துட்டேன்" என்கிறான். "இன்னும் கிளம்பவே இல்லை, இறந்தகாலமாம்" என்று மறுபடி ஒரு சிரிப்பு. மூச்சுக்கு மூச்சு தொல்காப்பியம் சொல்பவர் அதில் வினைச்சொற்களைப் பற்றிய வினையியலைக் கொஞ்சம் திறந்து பார்த்திருக்கலாம். வரப்போவதை இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் காட்டுவதற்கு என்று அங்கே நூற்பாவே இருக்கிறது. 'மழை வந்தால்' என்கிறோம். மழை இன்னும் வரவில்லை, ஆனால் உள்ளே இருப்பது 'வந்து', 'வந்த' என்பவற்றில் இருக்கும் அதே இறந்தகால அடி. ஆங்கிலத்திலும் நடக்காததைக் கற்பனை செய்ய இறந்தகால வடிவத்தைத்தான் எடுக்கிறார்கள். வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதென்றால் இவர்கள் எல்லோருமே பொய்யர்கள்.

இன்னொன்று. அவர் மேடையேறியபோது தொகுப்பாளர் "ஐயா வந்திருக்கிறார்" என்றார். ஓர் ஆள், பலர்பால் விகுதி. எண்ணிக்கைப் பிழை என்று ஐயா அதைத் திருத்தவில்லையே! ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல்தான், இலக்கண வழி அல்ல என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். தனக்கு மாலை போடும்போது வழக்கு, இன்னொருவர் கதை என்றால் இலக்கணம்.

"அப்போ எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா?" என்று கேட்பீர்கள். எழுத முடியாது. 'நேற்று உன் அண்ணன் பார்த்தேன்' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. வடிவத்துக்கு விதி உண்டு, அந்த விதிக்குள் பொருளும் உட்கார்ந்திருக்கிறது என்கிறேன். "இப்படி விட்டால் மொழி சிதைந்துவிடும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. 'தண்ணீர் குடித்தேன்' என்று இத்தனை காலம் சொல்லியும் சிதையாத மொழி இது.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், நீ என்ன மொழியியல் படித்தவனா?" இதுதான் உண்மையில் வரப்போகும் கேள்வி. இல்லை, படிக்கவில்லை. பள்ளியில் 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எது என்று கேட்டார்கள். 'எனக்கு' என்றேன். நான்காம் வேற்றுமை எப்படியடா எழுவாய் ஆகும் என்று பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தார் ஆசிரியர். வடிவத்தின்படி அவர் சொன்னது சரி. ஆனால் பசி யாருக்கு? 'அவளுக்குத் தன் குரலே பிடிக்காது' என்றால் அந்தத் 'தன்' யாரைச் சுட்டுகிறது? அவளைத்தானே. எழுவாய் செய்யும் வேலைகளில் பாதியை 'அவளுக்கு' அங்கே செய்கிறது, சட்டை மட்டும் வேறு. மொழியியலாளர்கள் இன்றும் இதை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் சொன்னது முழுக்கத் தப்பான பதில் இல்லை. ஆனால் வகுப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டதும் அதே சிரிப்பு.

சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பிறகு "ஜாலிக்காகத்தான்" என்றார். யாருக்கு ஜாலி? முதல் கதையை அச்சில் பார்த்த சந்தோஷத்தில் வந்தவள் அடுத்த அமர்வுக்கு இருக்கவில்லை. இலக்கணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லாதீர்கள். அங்கே ஆளை அடித்தீர்கள், அதற்கு வேற்றுமை உருபு ஒரு சாக்கு. (பாருங்கள், 'ஆளை'. தேவைப்பட்ட இடத்தில் போட்டுவிட்டேன்.)

எழுதினாள், எழுதிவிட்டாள், எழுதித் தள்ளினாள், எழுதித் தொலைத்தாள். நடந்தது ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் சொல்பவரின் முகம் வேறு. இந்த முகத்தையெல்லாம் எந்த உருபு அட்டவணையில் போடுவீர்கள்?

மறுப்பவர்கள் வாருங்கள், வாக்கியத்தோடு வாருங்கள். 'புத்தகத்தைப் படித்தாள்' அந்த இடத்தில் ஏன் மேல் என்று காட்டுங்கள், பேசலாம். 'அந்தக் காலத்தில் நாங்கள்' என்று ஆரம்பிப்பவர்களுக்கு மட்டும் இங்கே இடமில்லை.