ஓக்கிசோபி ஏரி நீர் பாதாளத்தில் தொலைந்துவிடுமா?

'புளோரிடாவின் ஓக்கிசோபி ஏரியில் மிகும் நீரை, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கிணறுகள் வழியே பூமிக்குள் செலுத்திச் சேமித்தால் உப்புநீரில் கலந்துவிடும். ஒரு சொட்டும் திரும்பாது' என்ற செய்தி பகிரப்படுகிறது. இது தவறு.

நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கும் புளோரிடன் நீர்த்தாங்கி (நிலத்தடி நீரைத் தேக்கிவைக்கும் பாறை அடுக்கு) நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. அதிலிருக்கும் உவர்நீரைச் செலுத்தப்படும் நன்னீர் தள்ளிக்கொண்டு, கிணற்றைச் சுற்றிக் குமிழிபோல் தங்குகிறது. கலப்பு பெரும்பாலும் விளிம்பில்தான். கிசிம்மி ஆற்றங்கரைச் சோதனைக் கிணற்றில் செலுத்திய அளவு நீரை மீண்டும் எடுத்துக் காட்டிவிட்டார்கள். நிலத்தடி நீர் உவர்ப்பு மிகுந்த ஹில்ஸ்பரோ சோதனைக் கிணற்றில் செலுத்தியதில் ஒரு பகுதிதான் மீண்டது. இடத்தேர்வு அவ்வளவு முக்கியம்.

ஏரி நிரம்பினால் உபரி நீர் செயின்ட் லூசி, கலூசாஹாட்சி ஆறுகளில் பாய்ந்து முகத்துவாரச் சிப்பிகளையும் கடற்புல்லையும் அழிக்கிறது. வறட்சியிலோ எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் தவிக்கிறது. இந்தக் கொடுமையைக் கண்டபின் சேமிப்பை வீண் என்று எப்படி ஒதுக்குவது?

நியாயமான கவலை வேறு. ஆக்சிஜன் கலந்த நீர் பட்டதும் பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்திலிருந்து நச்சுப்பொருளான ஆர்சனிக் கசிந்தது. கிசிம்மியில் நீரைச் செலுத்தி எடுக்கும் அடுத்தடுத்த சுற்றுகளில் அது குறைந்தது. முதலில் திட்டமிட்ட 333 கிணறுகளைப் பாறை தாங்காது என்றும் 2015இல் வெளியான ஆய்வு கூறியது.