கிரேக்கர்கள் புராணத்தை உதறினார்களாம்!

கிரேக்கத் தத்துவம் பற்றிய அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "தேல்ஸ் வந்தார், புராணம் செத்தது, பகுத்தறிவு பிறந்தது" என்று, முதல் கிரேக்கத் தத்துவவாதி எனப்படும் தேல்ஸைப் பற்றிப் பேச்சாளர் முழங்க, அரங்கமே கைதட்டுகிறது. "பிளாட்டோவையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்" என்று மரியாதையாகத்தான் கீழே எழுதினேன். கமெண்டைக் காணோம். 'புராணப் பித்து' என்ற பட்டம் மட்டும் மிச்சம். சரி, பட்டத்தோடே பேசுகிறேன்.

கிரேக்கத் தத்துவவாதிகள் புராணத்தைத் தூக்கி எறியவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில், எதற்காக என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள்.

பிளாட்டோவின் 'குடியரசு' எந்தப் பதிப்பானாலும் ஓரத்தில் எண் இருக்கும். 1578இல் வந்த ஸ்டெஃபானுஸ் பதிப்பின் பக்க எண் அது. 614க்குப் போங்கள். அங்கிருந்து நூல் முடியும்வரை ஒரே கதைதான். போரில் செத்தவன் ஏர். பத்தாம் நாள் பிணங்களை எடுக்கும்போது இவன் உடல் மட்டும் அழுகவில்லை. பன்னிரண்டாம் நாள் சிதைமேல் எழுந்து, மறுவுலகில் கண்டதைச் சொல்கிறான். ஆன்மாக்கள் சீட்டு விழுந்த வரிசைப்படி அடுத்த பிறவியைத் தேர்ந்தெடுக்கின்றன. முதல் சீட்டுக்காரன் யோசிக்காமல், இருப்பதிலேயே பெரிய கொடுங்கோலனின் வாழ்க்கையை அள்ளிக்கொள்கிறான். அப்புறம் பார்த்தால், பெற்ற பிள்ளைகளையே தின்னும் விதி அதற்குள் இருக்கிறது. மாரில் அடித்துக்கொண்டு அழுகிறான். விதியைத் திட்டுகிறான், தெய்வங்களைத் திட்டுகிறான், தன்னை மட்டும் திட்டவில்லை. இவன் நரகத்திலிருந்து வந்தவன் என்றா நினைத்தீர்கள்? சொர்க்கத்திலிருந்து! ஒழுங்கான ஊரில் வாழ்ந்து, தத்துவம் இல்லாமல் வெறும் பழக்கத்தால் நல்லவனாக இருந்தவன். கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. பட்ட பாட்டில் புகழாசை விட்டுப்போய், நெடுநேரம் தேடி, யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்த ஒரு சாதாரண ஆளின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான். முதல் சீட்டே விழுந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன் என்கிறான்.

இதை ஏன் வாதமாகச் சொல்லவில்லை? 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் சாக்ரடீஸோடு வாதாடும் கிளாக்கோன், போட்டவனை மறைத்துவிடும் கைஜஸ் மோதிரத்தின் கதையைச் சொல்லி (அதுவும் கதைதான், கவனியுங்கள்), நீதிமானுக்குக் கிடைக்கும் புகழ், பரிசு போன்ற பலன்களைக் கழித்துவிட்டு நீதி உயர்ந்தது என்று நிறுவச் சொன்னான். ஒன்பதாம் புத்தகத்தோடு பதில் சொல்லியாயிற்று. 612இல் சாக்ரடீஸ், வாதத்துக்காகக் கடன் கொடுத்திருந்த பலன்களைத் திருப்பிக் கேட்கிறார். ஆன்மா அழியாது என்பதற்கு அவரிடம் வாதம் உண்டு. செத்தபின் அது போய் என்ன செய்யும் என்பதற்கு இல்லை. அந்த இடத்துக்குத்தான் கதை. பிளாட்டோவின் இன்னொரு உரையாடலான 'ஃபீடோ' 114ஐயும் பாருங்கள். பாதாளத்தைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, இதெல்லாம் அப்படியே உண்மை என்று அடித்துச் சொல்வது புத்தியுள்ளவனுக்கு அழகல்ல, இதுவோ இதுபோன்றதோ என்று நம்பத் துணியலாம் என்கிறார் சாக்ரடீஸ். புளுகு விற்பவன் இப்படியா பேசுவான்?

"பிளாட்டோ கவிஞர்களை விரட்டினாரே?" இதோடு வருவீர்கள் என்று தெரியும். 'குடியரசு' 377இல் தாய்மாரும் செவிலியரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளைத் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும் என்கிறார். கதையே வேண்டாம் என்றா சொன்னார்? குரோனஸ் என்ற தெய்வம் தன் அப்பனின் ஆண்குறியை அறுத்தது போன்ற கதைகளை மூடிவைக்கச் சொல்கிறார். சொல்லியே தீரவேண்டுமென்றால் ரகசியமாக, வெகு சிலருக்கு. அதற்கும் பன்றிப் பலி போதாது, கிடைத்தற்கரிய பெரிய பலி கொடுக்க வேண்டும். அப்போதுதானே ஆள் குறையும்! இந்தத் தணிக்கைப் புத்தி எனக்கும் பிடிக்காது. ஆனால் கதையின் பலம் தெரியாதவன் இத்தனை பூட்டுப் போடமாட்டான்.

"புராணத்தைக் கேலி செய்த தத்துவவாதி ஸெனோஃபனீஸ்?" சரி, அவரை விட்டுத்தருகிறேன். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் தங்கள் உருவத்திலேயே சாமி வரையும் என்றவர். ஆனால் பிளாட்டோவுக்கு முந்தைய தத்துவவாதி பார்மெனிடீஸின் அத்தனை கறாரான தர்க்கமும் எங்கிருந்து வருகிறது? சூரியனின் மகள்கள் வழிகாட்ட, தேரேறிப் போய்ச் சந்தித்த தேவியின் வாயிலிருந்து! இன்னொரு தத்துவவாதி எம்பெடோகிளீஸ், நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு மூலங்களுக்கும் ஜீயஸ், ஹீரா, அய்டோனியஸ், நெஸ்டிஸ் என்று தெய்வப் பெயர்தான் வைத்தார். தெய்வங்களின் பிறப்பைப் பாடிய கவிஞர் ஹெசியட் வகையறாவின் சாமர்த்தியத்தை ஆராய்வது வீண் என்ற அரிஸ்டாட்டிலே, புராணப் பிரியனும் ஒருவகையில் தத்துவப் பிரியன்தான் என்று எழுதினார். இரண்டும் வியப்பிலிருந்து வருவதால். எல்லாம் தெய்வங்களால் நிறைந்தது என்று தேல்ஸ் கருதியதாகச் சொல்பவரும் இதே அரிஸ்டாட்டில்தான். எந்த தேல்ஸ்? புராணத்தைக் கொன்றாரே, அதே தேல்ஸ்.

"இப்படி எழுதினால் இங்கே புராணப் புரட்டு விற்பவனுக்கு வசதியாகிவிடும்" என்பவர்களுக்கு: 'ஃபீடோ'வின் அந்த 114ஐ அவனிடமும் காட்டுங்கள், எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று பார்ப்போம்.

இதில் எரிச்சலின் உச்சம் எது தெரியுமா? புராணத்தைச் சாகடித்துப் பத்து நிமிஷம் ஆவதற்குள், மனிதனுக்கு ஆதியில் நாலு கை, நாலு கால், ஜீயஸ் பாதியாக வெட்டினார், அதனால்தான் மறுபாதியைத் தேடுகிறோம், "பிளாட்டோவே சொல்லியிருக்கிறார்" என்று அந்தப் பேச்சாளர் உருகுகிறார். ஐயா, அது பிளாட்டோவின் 'விருந்து' உரையாடலில் நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸ் சொல்வது. விக்கல் வந்து தன் முறையை விட்டுக்கொடுத்து, தும்மி விக்கலை நிறுத்திவிட்டு வந்து சொல்கிற கதை. அதே நூலின் 205இல், காதலைப் பற்றிச் சாக்ரடீஸுக்குப் பாடம் சொன்ன டியோடிமா அதைப் போட்டு உடைக்கிறாள்: பாதியோ முழுதோ, நல்லதாக இல்லாவிட்டால் காதல் அதைத் தேடாது, கெட்டுப்போனதென்றால் மனிதர்கள் சொந்தக் கை காலையே வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். மறுபாதி வசனத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறவர்கள் 205வரை புரட்டினால், பத்திரிகையை மாற்றி அடிக்க வேண்டியிருக்கும்.