விஷச் சிப்பாய்

(மேற்கு மாம்பலம், ஞாயிறு இரவு. செஸ் போட்டிக்குப் போன சுந்தரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்.)

கோமதி: என்னங்க, ஜெயித்தீர்களா?

சுந்தரம்: எதிரில் உட்கார்ந்தவன் மூன்றாவது படிக்கிறான். இரண்டு தலையணை போட்டால்தான் பலகையே எட்டுகிறது.

கோமதி: அப்போ ஜெயித்தாச்சு.

சுந்தரம்: காபி இருக்கா?

கோமதி: சரி, தோற்றாச்சு. எப்படி?

சுந்தரம்: அவன் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளினான். நான் சி5. சிசிலியன் தொடக்கம். அதிலும் நஜ்டார்ஃப் வகை!

கோமதி: அப்படியென்றால்?

சுந்தரம்: சிசிலி, இத்தாலியில் ஒரு தீவு. நஜ்டார்ஃப் போலந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் தங்கிவிட்ட ஆட்டக்காரர்.

கோமதி: இத்தனை ஊர் சுற்றிவிட்டு நுங்கம்பாக்கத்தில் வந்தா தோற்றீர்கள்?

சுந்தரம்: ஏழு நகர்த்தல் வரை பிரமாதம். அப்புறம் பார்த்தால், பி2இல் ஒரு சிப்பாய் காவலே இல்லாமல் நிற்கிறது. ராணியால் அதை வெட்டினேன்.

கோமதி: ஏன் அப்படி விட்டான் என்று யோசிக்கவில்லையா?

சுந்தரம்: சின்னப் பையன், கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

கோமதி: நம்ம ஊர் குகேஷ் 2024இல் 18 வயதில் உலக சாம்பியன். இன்னுமா சின்னப் பையன் என்கிறீர்கள்? சரி, ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான் புடவை எடுத்து வந்தேனே, அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?

சுந்தரம்: அது இப்போ எதற்கு?

கோமதி: சொல்லுங்க.

சுந்தரம்: (மெதுவாக) சும்மா தருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றேன்.

கோமதி: உள்ளே என்ன இருந்தது?

சுந்தரம்: குதிரையைப் பின்னால் பி3க்கு இழுத்தான். பயந்துவிட்டான் என்று நான் நிதானமாக மந்திரியை எடுத்து வைத்தேன். ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அப்புறம் யானை ஏ2. ராணிக்கு ஓட இடமே இல்லை. அந்தச் சிப்பாய்க்குப் பெயரே விஷச் சிப்பாய்.

கோமதி: யார் வைத்த பெயர், அவனா?

சுந்தரம்: இல்லை, புத்தகத்திலேயே இருக்கிறது.

கோமதி: பாட்டிலில் விஷம் என்று ஒட்டியிருக்கிறது. படித்துவிட்டுக் குடித்திருக்கிறீர்கள்.

சுந்தரம்: அமெரிக்காவின் ஃபிஷரே குடித்தார்! 1972 உலக சாம்பியன் போட்டி, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில், பதினோராவது ஆட்டம். எதிரில் ஆடிய ஸ்பாஸ்கி அவருடைய ராணியையும் இப்படித்தான் பிடித்தார்.

கோமதி: அப்புறம் ஃபிஷர் என்ன ஆனார்?

சுந்தரம்: உலக சாம்பியன்.

கோமதி: நீங்கள்?

சுந்தரம்: (பையைத் துழாவி) எனக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

கோமதி: சும்மாவா?

சுந்தரம்: சும்மாதான். நுழைவுக் கட்டணம் 1,200 ரூபாய்.