நியாயத்துக்கும் நிறத்துக்கும் ஒரே சொல்லா?

கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், தமிழில் நாம் ‘ஃபேர்’ என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிற சொற்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. திருவிழாச் சந்தையும் ஃபேர், நியாயமும் ஃபேர், வெளுத்த நிறமும் ஃபேர், பேருந்துக் கட்டணமும் ஃபேர். போதாக்குறைக்கு ஃபேரி என்று ஒரு தேவதையும் வந்து சேர்ந்துகொள்கிறாள். ஒலி ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இவை நான்கு வேர்களிலிருந்து வந்தவை.

சந்தையைக் குறிக்கும் ஃபேர், விடுமுறையையும் சமயத் திருநாளையும் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. திருநாளில் கூட்டம் கூடும், கூட்டம் கூடிய இடத்தில் கடை விரியும் என்பதைப் பழனியடிவாரத்துக் கடைவீதியைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. (பதிலுக்கு நம்முடைய ‘சந்தை’யை ஆங்கிலேய அதிகாரிகள் ‘ஷாண்டி’ என்று தங்கள் குறிப்புகளில் எழுதிக்கொண்டார்கள், எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை ஆங்கிலத்தில் இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு.) கட்டணத்தைக் குறிக்கும் ஃபேர், பயணம் செய்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையின் வழி வந்தது. பிரிவுபசார விழாவை ஃபேர்வெல் என்கிறோமே, அதிலும் இருப்பது இந்தப் பயணம்தான்.

சிக்கல் முழுவதும் மூன்றாவது ஃபேரில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது அழகு என்ற பொருளை மட்டுமே பெரிதும் சுமந்தது. அந்த அழகுக்கு நிறம் கிடையாது. அழகானது மாசற்றது, மாசற்றது ஒருபக்கம் சாயாதது என்று பொருள் நீண்டு, ஒரு கிளை நியாயத்தை எட்டியது. நம் பிள்ளைகள் ‘ரஃப் நோட்டு’க்கு எதிராக ‘ஃபேர் நோட்டு’ என்கிறார்களே, அதில் அந்த மாசற்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேறொரு கிளை தேய்ந்து, ‘சுமார்’ என்ற அளவுக்கு இறங்கி, மதிப்பெண் அட்டையில் ‘குட்’டுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. வெளுத்த தோல் என்ற பொருள் பிற்காலத்தில்தான் ஊன்றியது. தங்கள் நிறத்தையே அழகென்று கருதிய ஒரு சமூகம் அழகைக் குறித்த சொல்லைத் தன் நிறத்துக்குச் சூட்டிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் பெரிய மர்மம் இல்லை.

நம்மிடம் வந்து சேர்ந்தபோது இந்தக் கடைசிப் பொருளே முதல் பொருளாகிவிட்டது என்பதுதான் என் வருத்தம். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. பெயரிலிருந்து போன சொல் பேச்சிலிருந்து போகவில்லை. ஆங்கிலத்தின் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. வெளுத்தவரைச் ‘சிவப்பு’ என்று பாராட்டிப் பழகிய வீடுகள்தாம் நம்முடையவை. மலைக்குளிரில் வளர்ந்த பெண் நல்ல கலராக இருப்பாள் என்று சமவெளியிலிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் சொல்வதை இங்கே பலரும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் தமிழில் நியாயம் நியாயமாகவும் நிறம் நிறமாகவும் தனித்தனியே நிற்கின்றன. ரேஷன் கடைப் பலகையில் உள்ள ‘நியாய விலை’யைப் படித்துவிட்டு எவரும் தோலை நினைப்பதில்லை.

ஃபேரிக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலும் மெல்லிய இறக்கையுமாக அவளை வரைகிற பிள்ளைகளைக் கேட்டால், ஃபேராக இருப்பதால்தான் அவள் ஃபேரி என்று பதில் வருகிறது. அவளுடைய வேரோ விதியைக் குறிக்கும் லத்தீன் சொல். அழகோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இறக்கைகூடப் பிற்கால ஓவியர்கள் ஒட்டவைத்ததுதான். பழைய நாட்டார் கதைகளில் மக்கள் அவளுக்கு அஞ்சினார்கள். தொட்டிலிலிருந்து பிள்ளையை மாற்றி எடுத்துப்போய்விடுவாள் என்று பயந்து, பெயரைச் சொல்லாமல் ‘நல்லவர்கள்’ என்று பணிவாகக் குறிப்பிட்டார்கள். நீர்நிலையில் கன்னிமார் இருப்பதாகச் சொல்லி, உச்சிப் பொழுதில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாத நம் பாட்டிமார்களுக்கு இந்த ஃபேரியை நன்றாகவே அடையாளம் தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ‘ஃபேரி ஃபால்ஸ்’ஸைத் தேவதை அருவி என்பதைவிடக் கன்னிமார் அருவி என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கட்சி.

வகுப்பில் இந்தச் சொல்லை நிறத்திலிருந்து தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். ஃபேர் நோட்டிலிருந்து தொடங்கி விலைக்குப் போகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் அதை விளைவிப்பவர் மூட்டையை வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கும்போது எதிர்பார்ப்பது ஃபேர் விலையைத்தான். இப்படிச் சொன்னால் பூண்டு உரித்த கையோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு உடனே விளங்கிவிடுகிறது. நிறம் என்ற பொருளைக் கடைசியில், அது வந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். வரன் பார்க்க வருகிறவர்களுக்கு நிறத்தைத்தான் விசாரித்தாக வேண்டுமென்றால், ‘பொண்ணு ஃபேரா இருப்பாளா?’ என்று நாகரிகமாகச் சுற்றி வளைக்காமல், ‘பெண் வெளுப்பா?’ என்று தமிழிலேயே கேட்கட்டும். கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்று அவர்கள் காதிலேயே விழும்.